ஆற்காட்டுக்கு வரவிருந்தவரும் கொரியாவின் கிறிஸ்துமஸும்

நாங்கள் இருக்கும் சுவோன் நகரத்து அபார்ட்மெண்டில் நவம்பர் கடைசியிலேயே கீழே வாசலில் மரம் வைத்து விளக்கு போட்டுவிடுவார்கள். டிசம்பர் பிறந்தால் பேக்கரிகளில் க்ரீம் கேக் டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். வெளியே மைனஸ் பத்து. மூச்சு விட்டால் புகை. அந்தக் குளிரில் சுரங்க ரயில் வாசலில் சால்வேஷன் ஆர்மிக்காரர் ஒருவர் சிவப்பு உண்டியலை வைத்துக்கொண்டு மணி ஆட்டுவார். 1928 டிசம்பரில் சியோலில் ஆரம்பித்த வழக்கம் இது. போகிற வருகிற பிள்ளைகள் கையுறையைக் கழற்றிச் சில்லறை போடுவதைப் பார்க்க நன்றாக இருக்கும்.

இதெல்லாம் பார்த்துக்கொண்டு போகிற வரையில் ஒரு பிரச்சனையும் இல்லை. போன டிசம்பரில் எதிர் வீட்டு ஹல்மொனி (கொரிய மொழியில் பாட்டி) என் மகளைத் தன் சர்ச்சில் நடக்கும் குழந்தைகள் நாடகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். ஒரு பாட்டும் உண்டாம். இவள் துள்ளிக்கொண்டு வந்து, "நைனா, நான் போகட்டுமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டபோது அதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன் என் கைக்கு வந்ததும் ஆரம்பித்தார்: "அவங்க பண்டிகைக்கு நம்ம புள்ள எதுக்குடா? போறது தப்புன்னு சொல்லல. இப்படியே போனா நம்ம பண்டிகை எதுன்னே அதுக்குத் தெரியாம போயிடப் போவுது."

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பார்க்கலாம்மா" என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியாமல், இந்தக் கிறிஸ்துமஸ் கொரியாவுக்கு எப்படித்தான் வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் கதை நேராக எங்கள் ஊர்ப் பக்கம் வந்து நின்றது!

எங்கள் ஊர் கார்வேட்டிநகரம். இன்றைக்கு ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். காடு வெட்டி உண்டான ஊர், அதனால் காடுவெட்டி நகரம், அது திரிந்து கார்வேட்டிநகரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொம்மராஜு வம்சத்து ஜமீன் இருந்த ஊர். திருத்தணியும் ஒரு காலத்தில் இந்த ஜமீனைச் சேர்ந்ததுதான். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிறக்கும் வரை எல்லாமே வடாற்காடு. அப்புறம் எல்லைக் கோடுகள் நகர்ந்தன. 1960-ல் திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்குப் போனது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அதனால் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, அப்பாவுக்கு நைனா :-)

டிசம்பர் என்றால் அங்கே மார்கழி. தெலுங்கில் தனுர்மாசம். விடிகாலை இருட்டில் வேணுகோபால சுவாமி கோயில் பக்கமிருந்து திருப்பாவை கேட்கும். பஜனை கோஷ்டி ஜால்ரா தட்டிக்கொண்டு தெருத் தெருவாக வரும். கோலத்து நடுவில் சாணியில் பூசணிப்பூ. அதே மாதத்தின் கடைசியில் கூடப் படிக்கும் பையன் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். கிறிஸ்துமஸ் அன்று அவன் வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கில் அதிரசமும் முறுக்கும் வரும். "அவங்க பண்டிகை" என்று அன்றைக்கு யாரும் அந்த அதிரசத்தைத் திருப்பி அனுப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த நட்சத்திரம் எங்கள் பக்கம் வந்த வழிகளில் ஒன்று அமெரிக்க ஆற்காடு மிஷன். 1853-ல் ஹென்றி, வில்லியம், ஜோசப் என்ற மூன்று ஸ்கட்டர் சகோதரர்கள் வேலூர், ஆரணி, சித்தூர் என்று ஊர்களைப் பிரித்துக்கொண்டு தொடங்கியது. (திருப்பதி, காளஹஸ்தி பக்கம் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க்கிலிருந்து வந்த லுத்தரன்கள்.) அந்த ஸ்கட்டர் வீட்டுப் பெண்தான் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்த ஐடா ஸ்கட்டர். இன்றைக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் கால் தானாக வேலூர் பக்கம் திரும்பும். (எலும்பு முறிந்தால் மட்டும் புத்தூர் கட்டு!) ஆற்காடு மிஷனை நடத்தியது அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் வழியில் வந்த சீர்திருத்தச் சபை. அந்தச் சபையின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி கதை அங்கேதான் பிடிக்கிறது.

ஹோரஸ் கிராண்ட் அண்டர்வுட் 1859-ல் லண்டனில் பிறந்தவர். 1872-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. பிழைக்கப் போன குடும்பம்தான், நம்மைப் போல. இவருடைய அண்ணன் ஜான் அண்டர்வுட் பின்னாளில் டைப்ரைட்டர் செய்து பெரும் பணக்காரர் ஆனார். நம்மூர் இன்ஸ்டிட்யூட்களில் ஏ-எஸ்-டி-எஃப் அடித்துப் பழகிய தலைமுறைக்கு அண்டர்வுட் மெஷின் தெரிந்திருக்கும். தம்பி மட்டும் வேறு வழியில் போனார்.

சின்ன வயதில், இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு மிஷனரி பேசியதைக் கேட்டு, "நான் இந்தியாவுக்குப் போவேன்" என்று முடிவு செய்தவர் அவர். விளையாட்டுப் பேச்சு இல்லை. இந்தியாவில் உதவும் என்று ஒரு வருஷம் வைத்தியமும் படித்தார். அவர் 1884-ல் பட்டம் பெற்ற நியூ பிரன்ஸ்விக் இறையியல் கல்லூரி சீர்திருத்தச் சபையினுடையது. அந்தச் சபைக்கு இந்தியாவில் இருந்த களம் எது? நம்ம ஆற்காடு மிஷன்தான். நினைத்தபடி நடந்திருந்தால் மனிதர் வேலூரிலோ சித்தூரிலோ மதனப்பள்ளியிலோ வந்து இறங்கியிருப்பார். மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டு தமிழோ தெலுங்கோ கற்றிருப்பார்.

நடுவில் புகுந்தது கொரியா. 1882-ல்தான் அந்த நாடு அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்திருந்தது. அங்கே போக ஆள் வேண்டும் என்று கல்லூரியில் பேச்சு வந்தது. அண்டர்வுட் ஒரு வருஷம் மற்றவர்களைக் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் தயாராக இல்லை. 'அப்படியானால் நீயே ஏன் போகக்கூடாது?' என்ற கேள்வி கடைசியில் அவரிடமே திரும்பியது. சொந்தச் சபையிடம் கேட்டார். பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் பிரஸ்பிட்டேரியன் சபை அனுப்பியது. 1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று, இன்று இன்சியோன் என்று நாம் விமானத்தில் இறங்குகிற ஊரின் பழைய துறைமுகமான செமுல்போவில் இறங்கினார். கூடவே மெதடிஸ்ட் சபையின் ஹென்றி அப்பென்செல்லரும்.

அதற்கு நூறு வருஷம் முன்பே கொரியாவில் கத்தோலிக்கம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வந்த விதம் விசித்திரம். பாதிரியார் யாரும் வந்து சொல்லவில்லை. சீனாவிலிருந்து வந்த புத்தகங்களைக் கொரியப் படிப்பாளிகள் தாங்களே படித்தார்கள். 1784-ல் யி சுங்-ஹுன் என்பவர் பெய்ஜிங் போய் ஞானஸ்நானம் வாங்கி வந்தார். அதற்கான விலையும் கொடுத்தார்கள். 1801-லும் 1866-லும் நடந்த அடக்குமுறைகளில் ஏராளமானோர் உயிரிழந்தார்கள். பல வருஷங்கள் இந்த நாட்டில் கிறிஸ்துமஸ் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று கொண்டாடியதுதான்.

அண்டர்வுட் வந்தபோதும் மதப் பிரசாரத்துக்குத் தடை இருந்தது. அதனால் ஹோரஸ் ஆலன் என்ற டாக்டர் நடத்திய அரசு ஆஸ்பத்திரியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அந்த ஆஸ்பத்திரிதான் வளர்ந்து இன்றைய செவரன்ஸ் ஆனது. எங்களுக்கு வேலூர் எப்படியோ, சியோல்காரர்களுக்கு செவரன்ஸ் அப்படி. 1915-ல் அவர் ஒரு கல்லூரியும் தொடங்கினார். அண்ணனின் டைப்ரைட்டர் பணம் அதற்கு உதவியது. இன்றைக்கு அது யோன்செய் பல்கலைக்கழகம்.

அவர் மனைவி லிலியாஸ் ஹார்ட்டன் ஒரு டாக்டர். 1888-ல் வந்து, மகாராணி மின்னுக்கு வைத்தியம் பார்த்தவர். 1904-ல் வெளியான தன் நூலில் அரண்மனையில் கிறிஸ்துமஸ் மரம் வைத்த கதையை எழுதியிருக்கிறார். மகாராணி இது என்ன பண்டிகை என்று விசாரித்தாராம். இவரும் விவரம் சொல்லி, மரத்தை அலங்கரித்து மெழுகுவத்தி எல்லாம் வைத்தாராம். இருட்டியபின் ஏற்றினால்தானே அழகு? ராஜாவுக்கும் ராணிக்கும் அதுவரை பொறுமை இல்லை. வெளிச்சத்திலேயே வந்து பார்த்துவிட்டார்கள். பட்டாசு வாங்கிவந்த பையை மத்தியானமே பிரித்துவிடும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்த ராணியை 1895 அக்டோபரில் ஜப்பானியக் கொலைகாரர்கள் அரண்மனைக்குள்ளேயே புகுந்து கொன்றார்கள் என்பது சேர்ந்தே ஞாபகம் வந்து மனசைப் பிசைகிறது.

இன்னொருவரையும் நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். 1886-ல் ஆசிரியராக வந்த ஹோமர் ஹல்பர்ட். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-ல் இலக்கண நூலே போட்டார். 'அம்மா, அப்பா' கொரியாவிலும் 'ஒம்மா, அப்பா' என்று நாம் இன்று ஆச்சரியப்படுகிறோமே, அதற்கு நூறு வருஷம் முன்னால் யோசித்த மனிதர். மொழியியலாளர்கள் இந்த உறவை இன்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் கார்வேட்டிநகரத்திலிருந்து வந்தவனுக்கு, எதிர் வீட்டுக் குழந்தை "அப்பா" என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

சரி, வந்தது எப்படி என்று தெரிந்தது. இவர்களுடையதாக எப்போது ஆனது? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். விடியற்காலை பாடல்களில்தான் ஆனது.

கொரியச் சர்ச்சுகளில் விடிகாலைப் பிரார்த்தனை என்று ஒன்று உண்டு. உலகில் மற்ற இடங்களில் இவ்வளவு அழுத்தமாகப் பார்க்க முடியாது. 1900-களின் தொடக்கத்தில் பியோங்யாங்கில் கில் சோன்-ஜு என்ற போதகர் வழியாகப் பரவியது. அவர் அதற்கு முன் தாவோ வழியில் தியானம் செய்து பழகியவர். விடிகாலை எழுந்து வேண்டுவது இந்த மண்ணில் முன்பே இருந்த பழக்கம். வந்த சமயம் அதை எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் அன்று அதே விடிகாலையில் 'செபியோக் சொங்'. செபியோக் என்றால் விடியல், சொங் என்றால் துதிப்பாட்டு. நள்ளிரவு தாண்டி இளைஞர்கள் லாந்தர் எடுத்துக்கொண்டு பனியில் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் எழுந்து வந்து தின்பண்டமும் சூடாகக் குடிக்க ஏதாவதும் தருவார்கள். இதை ஹல்மொனி எனக்குச் சொன்னபோது, ஜால்ராவும் சுண்டலும் மட்டும்தான் குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஸ்டாம்ப் கதை. 1893-ல் சியோலில் பிறந்த ஷெர்வுட் ஹால், டாக்டர் தம்பதியின் மகன். அவன் அம்மா ரோசெட்டாதான் கொரியாவின் முதல் பெண் டாக்டரான எஸ்தர் பார்க்கை மேல்படிப்புக்கு அமெரிக்கா அழைத்துப் போனவர். அந்த எஸ்தர் 1910-ல் காசநோயில் இறந்தார். சிறுவனாக அதைப் பார்த்த ஷெர்வுட், பெரியவனாகி ஹேஜு என்ற ஊரில் 1928-ல் காசநோய் ஆஸ்பத்திரி திறந்தார். 1932 டிசம்பரில் நிதி திரட்ட கொரியாவின் முதல் கிறிஸ்துமஸ் வில்லையை வெளியிட்டார். அதில் அவர் முதலில் போட நினைத்த படம் ஆமைக் கப்பல். 16-ம் நூற்றாண்டில் ஜப்பானியரை அடித்து விரட்டிய கப்பல்! ஆண்டுகொண்டிருந்த ஜப்பானியர் விடுவார்களா? சியோலின் தெற்கு வாசல் படத்தோடு வந்தது.

1940-ல் உளவாளி என்று பழிபோட்டு ஷெர்வுட் தம்பதியை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். எங்கே போனார்கள் தெரியுமா? இந்தியாவுக்கு. ராஜஸ்தானின் அஜ்மீர் பக்கத்தில் மதார் காசநோய் ஆஸ்பத்திரியில் 1963 வரை வேலை பார்த்தார். இந்தியாவுக்கு வர இருந்தவர் கொரியாவுக்குப் போனார், கொரியாவில் பிறந்தவர் இந்தியாவுக்கு வந்தார். கணக்கு எப்படியோ சரியாகிவிட்டது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் காசநோய் ஆஸ்பத்திரி என்றால் மதனப்பள்ளி ஆரோக்கியவரம். 1915-லிருந்து தென்னிந்தியா முழுவதிலுமிருந்து நோயாளிகள் அங்கே வந்தார்கள். பள்ளியில் எங்கள் தலையில் கட்டுவார்களே காசநோய் வில்லை, அதை நோட்டு அட்டையில் ஒட்டியபோது அப்படி ஒன்றுக்காக கொரியாவில் ஒரு மனிதர் ஜப்பான்காரனோடு மல்லுக்கட்டியது எனக்கு எப்படித் தெரியும்?

கொரியர்கள் மறக்காத கிறிஸ்துமஸ் ஒன்று உண்டு. 1950. சீனப் படை இறங்கியபின் வடக்கிலிருந்து எல்லோரும் தெற்கே ஓடிய டிசம்பர். ஹுங்நாம் துறைமுகத்தில் மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பல் 14,000 அகதிகளை ஏற்றிக்கொண்டு 23-ம் தேதி கிளம்பியது. அதில் பயணிகளுக்கு இருந்த இடம் 12 பேருக்கு. டிசம்பர் 25 அன்று கோஜே தீவுக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஒருவரும் சாகவில்லை. மாறாக ஐந்து குழந்தைகள் பிறந்தன! முன்னாள் அதிபர் மூன் ஜே-இன்னின் பெற்றோரும் அந்த ஹுங்நாம் வெளியேற்றத்தில் தப்பி வந்தவர்கள்தான். அதே மாதம் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கிய இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவு, மருத்துவச் சாமான்களை விட்டுவர மனமில்லாமல் ஒரு ரயிலைப் பிடித்துத் தாங்களே ஓட்டி வந்தது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 2020-ல் தென்கொரிய அரசு அவரைப் போர் வீரராக நினைவுகூர்ந்து கௌரவித்தது.

கிறிஸ்துமஸ் 1949-ல் சட்டப்படி விடுமுறை நாளானது. ஆனால் கிறிஸ்தவரல்லாதவர்களையும் அந்த நாளோடு கட்டிப்போட்டது வேறொன்று. 1945-லிருந்து இங்கே இரவு ஊரடங்கு. நள்ளிரவில் சைரன் ஊதினால் தெருவில் ஒருவர் இருக்கக்கூடாது. கிறிஸ்துமஸ் முந்தைய இரவும் வருஷக் கடைசி இரவும் மட்டும் விலக்கு. 1982 ஜனவரியில்தான் ஊரடங்கு ஒழிந்தது. வருஷம் முழுக்க அடைபட்ட ஊர், அந்த ஓர் இரவு மியோங்தோங் தெருக்களில் விடிய விடிய நடந்தது. சாமி கும்பிடாதவர்களுக்கும் அது சுதந்திர இரவு. இன்றைக்கும் கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் (2015 கணக்கெடுப்பில் புராட்டஸ்டன்ட் 19.7, கத்தோலிக்கர் 7.9 சதவீதம்). கேக் வாங்காத வீடு எங்கள் மாடியில் இல்லை.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு அம்மாவிடம் கதையாகச் சொன்னேன். ஸ்டாம்ப், கப்பல், ராணி எதுவும் அம்மாவை அசைக்கவில்லை. அண்டர்வுட் கதையைத்தான் திரும்பக் கேட்டார்.

"அப்போ அந்த ஆளு நம்ம பக்கம்தான் வந்திருக்கணும்ங்கற?"

"ஆமாம்மா. நடுவுல கொரியா வந்துடுச்சு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சரி, நம்ம ஊருக்கு வரவேண்டியவரு வீட்டு விசேஷம். புள்ள போய்ட்டு வரட்டும். ஆனா தை பொறந்தா அந்தக் கெழவியையும் பொங்கலுக்குக் கூப்புடு. நாம மட்டும் போய்ச் சாப்ட்டுட்டு வந்தா மரியாதையா?"

என் ஒரு மாதப் படிப்பு சொன்னதை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். பண்டிகையும் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் போவதுதான். யாரோ கதவைத் திறந்து உட்காரச் சொன்னால் அங்கே வேர் பிடித்துக்கொள்கிறது. கிறிஸ்துமஸைக் கொண்டாடியதால் கொரியர்கள் கொரியர்களாக இல்லாமல் போகவில்லை. அவர்கள் சந்திர வருஷப் பிறப்பும் சூசோக் அறுவடைத் திருநாளும் அப்படியே இருக்கின்றன. என் மகள் ஒரு பாட்டுப் பாடினால் மார்கழி போய்விடாது. மார்கழியை நான் வீட்டில் சொல்லித்தராமல் விட்டால்தான் போகும். அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் அது எதிர் வீட்டைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது.

போனோம். மகள் மூன்றாவது ஆட்டிடையனாக ஒரு வசனம் பேசினாள். மிச்ச நேரம் பக்கத்து ஆட்டின் வாலை இழுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது மணி பதினொன்றரை. பனி பெய்துகொண்டிருந்தது. "முன்னெல்லாம் இந்த நேரத்துக்குப் பாடக் கிளம்பிடுவோம்" என்றார் ஹல்மொனி. இப்போது செபியோக் சொங் அநேகமாக நின்றுவிட்டது. அபார்ட்மெண்டில் விடிகாலை பாடினால் செக்யூரிட்டி வந்துவிடுவார். எங்கள் ஊர் பஜனை கோஷ்டியிலும் இப்போது நாலைந்து பேர்தான் என்று அம்மா சொல்லியிருந்தார்.

லிஃப்டில் ஏறியதும் ஹல்மொனி மெல்லிய குரலில் ஏதோ பாட ஆரம்பித்தார். பன்னிரண்டு மாடி. எங்கள் தளம் வரும்வரை பாடினார்.

மறுநாள் விடிகாலை மகளை எழுப்பி, எனக்குத் தெரிந்தவரை திருப்பாவையைச் சொல்லிக்கொடுத்தேன். நாலு வரிக்குமேல் எனக்கே வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டோம். மீதியை அவர் சொன்னார்.

ஹல்மொனி ஜனவரியில் பொங்கலுக்கு வந்தார். வெண்பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மிளகை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்.